உரிய சொலெம்னிட்டியுடன்

சொற்பொருள் வாரியத்தில் ஊழியர் யாரும் திடீரென்று சாகக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் செத்துவிட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பதினேழு விதிகள் இருந்தன. சாவிக்காரரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு, சாப்பாட்டு இடைவேளை முடிய இருபது நிமிடம் இருக்கையில், தன் மேசை மேலேயே தலை சாய்த்துப் போய்விட்டாள். நல்லவேளை, இடைவேளையில் போனார் என்று வாரியத்தில் பலரும் சாவிக்காரரிடம் ஆறுதல் சொன்னார்கள். வேலை நேரத்தில் போயிருந்தால் இன்னும் நாலு படிவம் கூடுதலாக நிரப்ப வேண்டியிருந்திருக்குமாம்.

ஆங்கிலச் சொற்களுக்கு அரசாங்கப் பொருள் சொல்வதுதான் வாரியத்தின் வேலை. நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஏ எழுத்தில் ஆரம்பித்து, அடித்துப் பிடித்து இப்போது எஸ் எழுத்துக்கு வந்திருந்தார்கள். எஸ்ஸுக்கு அப்பால் உள்ள சொற்களை ஜனங்கள் பொருள் இல்லாமலேயே உபயோகித்துச் சமாளித்து வந்தார்கள். சொல்லுக்கு ஒரு அட்டை. அட்டையில் சொல், அதன் பொருள், அதன் பிறப்பு, ஒரு உதாரண வாக்கியம். கீழே உள்ளவர் எழுத, மேலே உள்ளவர் திருத்த, அவருக்கும் மேலே உள்ளவர் திருத்தத்தைத் திருத்த, ஒரு அட்டை ஒன்பது தடவையாவது மாடிப்படி ஏறி இறங்கும். சாவிக்காரரின் மனைவி இருபத்தேழு வருடமாக அட்டை எழுதினாள். மாடிப்படியும் அவள்தான் ஏறி இறங்கினாள்.

சாவிக்காரருக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்றடி அகலத்தில் ஒரு கடை. அந்த ஊரில் அவர் கைபடாத பூட்டு கிடையாது. வாரியத்து இயக்குநர் தன் இரும்பு பீரோவுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பியிருக்கிறார். "எங்க வீட்டுக்காரர் பூட்டைத்தான் திறப்பார், வாயைத் திறக்க மாட்டார்" என்று அவள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அதைக் கேட்டும் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. காலையில் எழுந்ததும் தேநீர் போட்டு, ஒரு குவளையைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எழுந்திரு என்று சொல்ல மாட்டார், குடி என்று சொல்ல மாட்டார். அவள் போன நாலாம் நாள் காலையிலும் கை தானாக இரண்டு குவளையில் ஊற்றியது. ஒன்றைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தார். வைத்த பிறகுதான் உறைத்தது. எடுத்துக் கழுவும் தொட்டியில் கொட்டினார். மறுநாளும் அப்படியே ஆயிற்று. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பாள்.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். சாப்பாட்டு இடைவேளைகளில் அவள் அம்மா குழந்தைக்கு மஞ்சள் கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது குழந்தை இதைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். உடம்பும் ஒரு கையும் முடிந்து, இன்னொரு கை ஊசியில் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் கொஞ்சம் பின்னியிருக்கிறாள். பிறகு அதை மடித்து, கண்ணாடியைக் கழற்றி, இரண்டையும் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தலை சாய்த்திருக்கிறாள்.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்பே டிராயருக்கு அரக்குச் சீல் வைத்துவிட்டார்கள். இந்த ஒரு காரியத்தில் வாரியம் படு வேகம்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, சாவிக்காரர் வாரியத்துக்குப் போய்க் கோப்புக்காரரைப் பார்த்தார். கோப்புக்காரர் என்பவர் முன்னறையில், கழுத்தளவு கோப்புகளுக்கு நடுவே, வரப்புக்குள் நிற்கும் பயிர் மாதிரி நிரந்தரமாக இருப்பவர். சீல் வைத்ததும் அவர்தான்.

"விதி பன்னிரண்டு, ஐயா" என்றார் கோப்புக்காரர். "பணியில இருக்கும்போது இறந்தவங்க டிராயரை, உரிய சொலெம்னிட்டியோட இரங்கல் கூட்டம் நடந்துச்சுன்னு சான்று வந்த பிறகுதான் திறக்கணும்."

"கூட்டம்தான் நடந்துச்சே. நான் முன் வரிசையில உக்காந்திருந்தேனே."

"நடந்துச்சு. சொலெம்னிட்டியோட நடந்துச்சா?"

சாவிக்காரர் யோசித்தார். "எல்லாரும் சும்மா இருந்தாங்க."

"சும்மா இருக்கறது இங்க தினமும் நடக்கறதுதானே ஐயா. அதை எப்படிச் சான்றா எடுத்துக்கறது?"

விதி பழைய காலத்து ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதில் சொலெம்னிட்டி வேண்டும் என்று இருந்ததே தவிர, சொலெம்னிட்டி என்றால் என்னவென்று இல்லை. சரி, இதுவோ சொல்லுக்குப் பொருள் சொல்லுகிற இடம், எடுத்துப் பார்த்தால் ஆயிற்று என்று கோப்புக்காரர் அவரை அட்டை அலமாரிக்குக் கூட்டிப் போனார். எஸ் எழுத்து அடுக்கை இழுத்தார். அந்த அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஸ் துண்டுச் சீட்டு இருந்தது. 'திருத்துவதற்காக எடுத்துள்ளேன்.' கீழே மனைவியின் கையெழுத்து. தேதி அந்தச் செவ்வாய்க்கிழமை.

"அப்ப அட்டை எங்க இருக்கு?"

"அவங்க டிராயர்ல" என்றார் கோப்புக்காரர். குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. இருபது வருட சர்வீஸில் இவ்வளவு கச்சிதமாகச் சுற்றி மூடிய கோப்பை அவர் பார்த்ததில்லை. பொருள் தெரிந்தால்தான் சான்று. சான்று இருந்தால்தான் டிராயர். டிராயர் திறந்தால்தான் பொருள்.

சாவிக்காரர் சட்டைப் பையிலிருந்து மனைவியின் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். டிராயர் சாவி அதில் இருந்தது. அவரே அறுத்துக் கொடுத்த சாவி. கோப்புக்காரர் பாம்பைக் கண்டவர் போல நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முதலில் அதை உள்ளே வைக்கச் சொன்னார். பிறகு, தான் அதைப் பார்க்கவே இல்லை என்றார்.

சாவியே வேண்டியதில்லை. அந்தப் பூட்டு ஒரு கொண்டை ஊசிக்கே திறந்துகொள்ளும். கோப்புக்காரர் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து, சீல் கலையாமல் பின்பலகையைக் கழற்றி, எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் சாவிக்காரரின் கடையில் முப்பது வருடமாக ஒரு பலகை தொங்குகிறது: 'உரிமையாளர் நேரில் வந்தால் மட்டுமே பூட்டு திறக்கப்படும்.' அந்தப் பலகையை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். இருபத்தேழு வருடம் ஒரு பென்சில்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவளின் மேசையைத் திருட்டுத்தனமாகத் திறக்க அவருக்கு மனசு வரவில்லை. உரிமையாளரோ இனிமேல் நேரில் வரப் போவதில்லை.

இயக்குநரைப் பார்த்தார். வேறு ஏதாவது அகராதியில் பொருள் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நல்ல கேள்வி" என்றார் இயக்குநர். "மத்த அகராதியெல்லாம் தனி ஆளுங்களோட அபிப்பிராயம். நாங்க வெளியிடற வரைக்கும் ஒரு சொல்லுக்குப் பொருள் கிடையாது. அதுவரைக்கும் அது வெறும் சத்தம்."

"அப்ப விதியில இருக்கறதும் சத்தந்தானா, சார்?"

"சத்தந்தான். ஆனா நம்மளக் கட்டுப்படுத்தற சத்தம்" என்று சொல்லிவிட்டு, இவ்வளவு நல்ல வாக்கியத்தைத் தானா சொன்னோம் என்று இயக்குநர் தாமே ஒருகணம் அசந்துபோனார். அதை எழுதி வைக்கச் சொல்லி மணி அடித்தார்.

பொருளைக் கண்டறிய மூன்று பேர் கொண்ட ஒரு குழு போட்டார்கள். பேராசிரியர் ஒருவர் தலைவர். அவர் சாவிக்காரரை எதிரே உட்கார வைத்து, அந்தச் சொல்லின் பூர்வீகத்தை இரண்டரை மணி நேரம் விளக்கினார். அது ரோமாபுரியில் பிறந்து, பிரெஞ்சுக்காரர் வீட்டில் வளர்ந்து, ஆங்கிலேயருக்கு வாழ்க்கைப்பட்ட சொல்லாம். முழுமை, வருடம் என்ற இரண்டு சொற்களின் வயிற்றில் பிறந்தது என்று பழைய ஆட்கள் சொல்ல, அந்த வருடத்தை அப்பன் என்று ஒத்துக்கொள்ள முடியாது என்று பிற்காலத்து ஆட்கள் வழக்காடுகிறார்களாம். அந்த வருடம் காலண்டர் வருடமா அலுவலக வருடமா என்று குழு நாலு அமர்வு விவாதித்தது. நேரில் போய் விசாரித்துவிடலாம் என்று ஒரு உறுப்பினர் ரோமாபுரிக்குப் பயணம் முன்மொழிந்தார். அதற்காக மூவரும் எடுத்துக்கொண்ட பாஸ்போர்ட் போட்டோக்களில் முகங்கள் போதுமான அளவு சொலெம்னிட்டியாக இல்லை என்று அவர்களே நிராகரித்தார்கள். அதோடு அந்த யோசனை படுத்தது.

இதற்குள் மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது.

பொருள் கிடைக்கும்போது கிடைக்கட்டும், முன்கூட்டியே ஒரு பழுதில்லாத கூட்டத்தை நடத்தி வைத்துக்கொள்வோம் என்று குழு முடிவு செய்தது. இரண்டாவது இரங்கல் கூட்டத்துக்கு மூன்று ஒத்திகை. மேடைக்கு நடக்கும் வேகம் வினாடிக்கு ஒன்றரை அடி. உதட்டோரங்கள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மேலே போனால் சிரிப்பு, கீழே போனால் அதிகாரிகள் மேல் அதிருப்தி. சாவிக்காரருக்கு ஒரு படிவம் தந்தார்கள். 'துயரத்தின் அளவு: லேசானது / நடுத்தரமானது / கடுமையானது. பொருந்தாதவற்றை அடிக்கவும்.' அவர் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோப்புக்காரரே வாங்கி 'கடுமையானது' என்பதை அடித்துவிட்டார். கடுமையானதற்கு மருத்துவச் சான்று இணைக்க வேண்டுமாம்.

போட்டோவிலும் ஒரு தகராறு. அவர் கொண்டுவந்த போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்காத போட்டோ கொண்டுவரச் சொன்னார்கள். அவர் வீடு முழுக்கத் தேடினார். கல்யாணப் படம், மகள் பிறந்தபோது எடுத்தது, ரேஷன் கார்டில் ஒட்டியது, எதிலும் அவள் வாயை மூடவில்லை. கடைசியில் வாயின் மேல் மாலை விழுகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள்.

கூட்டம் ஒத்திகைப்படியே நடந்தது. இரண்டு கடிகாரம் வைத்து மௌனம். பிறகு இயக்குநர் எழுந்தார். மூன்று தடவை கனைத்தார்.

மூன்றாவது கனைப்பிலேயே சாவிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால், இந்தக் காட்சியை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டு வேளையில், கையில் கரண்டியோடு, அவள் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியது. 'நான் செத்தா பாருங்க. மூணு தடவ கனைப்பாரு. இவங்க இந்த வாரியத்தோட தூண்னு சொல்வாரு. சொல்லிட்டு, அந்தத் தூண் எங்கன்னு தேடற மாதிரி மேல பாப்பாரு. அப்புறம் என் எடத்துக்கு யாரைப் போடப் போறாருன்னு சொல்லிட்டுத்தான் உக்காருவாரு.'

"மறைந்த அம்மையார்" என்றார் இயக்குநர், "இந்த வாரியத்தின் தூண்." மேலே பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம். "அவரது இழப்பு ஈடு செய்ய முடியாதது. அந்த இடத்துக்கு நாளை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு."

சாவிக்காரர் சிரித்துவிட்டார். வாயைக் கையால் பொத்தினார். விரலிடுக்கில் பீறிக்கொண்டு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்த்து, அப்படியே சொன்னாரே என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்து நாற்காலி காலி. அங்கேதான் சிரிப்பு முறிந்து வேறொன்றாக ஆனது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவர் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை, அவள் உட்பட.

கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவாயிற்று: 'நாலு மணி பன்னிரண்டு நிமிடம்: இறந்தவரின் கணவர் சிரித்தார். நாலு பதின்மூன்று: கூட்டம் நிறைவு.' அழுதது நாலு பதினாலுக்கு. கூட்டம் முடிந்தபின் நடந்ததைக் குறிப்பில் சேர்க்க இடமில்லை என்று சான்று மறுக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொல்லவில்லை, ஆனால் மகளுக்கு யார் மூலமோ தெரிந்திருந்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஸ்வெட்டர் கடையில கிடைக்கும்ப்பா."

"கிடைக்கும்."

"அப்புறம் எதுக்கு அங்க போய் நிக்கறீங்க?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "எனக்கும் அதுதான்ப்பா வேணும்" என்றாள் மகள். "வேணாம்னு சொன்னா நீங்க அவங்ககிட்டப் போய் நிக்கறத விட்டுருவீங்களோன்னு சொல்லிப் பாத்தேன்."

குழு மறுபடி கூடியது. இதுவரை நடந்த இரண்டு கூட்டங்களிலும் சொலெம்னிட்டிக்கு ஊறு விளைவித்தது யார் என்று பேராசிரியர் ஆராய்ந்து வந்திருந்தார். முதல் கூட்டத்தில் ஒருவரின் தும்மல், ஒருவரின் நாற்காலி. இரண்டாவதில் கணவரின் சிரிப்பு. ஆக, எல்லாம் ஆட்களால் வந்த வினை. கணவரை மட்டும் நீக்கலாம் என்றார் ஒருவர். ஊழியர்களும் தும்முவார்களே என்றார் இன்னொருவர். பேச்சாளர் இருந்தால் பேச்சு இருக்கும், பேச்சு இருந்தால் கேட்கிறவருக்கு இறந்தவரின் ஞாபகம் வரும், அந்த அம்மாளின் ஞாபகம் வந்தால் ஜனங்களுக்குச் சிரிப்பு வருகிறது என்று மூன்றாமவர் கவலைப்பட்டார்.

முடிவாக, மூன்றாவது இரங்கல் கூட்டத்தை ஆட்கள் இல்லாமல், பேச்சு இல்லாமல், போட்டோ இல்லாமல், இறந்தவர் யார் என்ற குறிப்பும் இல்லாமல், பூட்டிய மண்டபத்துக்குள் நடத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். சொலெம்னிட்டிக்கு எந்தப் பொருள் வந்தாலும் அதற்குப் பங்கம் வராத கூட்டம் இது ஒன்றுதான் என்றார் இயக்குநர். "என் அனுபவத்துல, வெளியாட்கள் இல்லாதப்பதான் இந்த வாரியம் ரொம்ப நல்லா நடந்திருக்கு" என்றும் சொன்னார். அதன்பேரில் ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். டிராயரைத் திறந்து அட்டையை எடுக்கலாம். அட்டையில் உள்ள பொருளை இயக்குநர் ஏற்றால் சான்று நிரந்தரம், சாமான்கள் குடும்பத்துக்கு.

கூட்ட நாளுக்கு முந்தின சாயங்காலம் மகளுக்கு வலி எடுத்து, நாள் கணக்குக்கு ஒரு வாரம் முன்னாடியே பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாவிக்காரர் பேத்தியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாரியத்துக்கு வந்தார். உறவினர் ஐம்பதடி தள்ளி நிற்க வேண்டும் என்று அவரை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

உள்ளே நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. ஒலிபெருக்கி சோதிக்கப்பட்டது. பதிவேடு மேடைமேல் விரித்து வைக்கப்பட்டது. எல்லாரும் வெளியே வந்ததும் இயக்குநர் தம் கையாலேயே மண்டபத்தைப் பூட்டினார். நாற்பது நிமிடம் இரங்கல் கூட்டம் நடந்தது. வராந்தாவில் ஊழியர்கள் தேநீர் குடித்தார்கள். யாரோ ஜோக் சொன்னார்கள். கூட்டம் எந்தக் குறையுமில்லாமல் முடிந்தது. இயக்குநர் சாவியைப் பூட்டில் விட்டு, சந்தர்ப்பத்துக்கேற்ற அழுத்தத்தோடு திருப்பினார். சாவி முறிந்தது. பாதி உள்ளே, பாதி கையில். பதிவேடு மண்டபத்துக்குள்.

கோப்புக்காரர் கேட்டுக்கு ஓடிவந்தார். உறவினர் என்று ஐம்பதடி தள்ளி நிறுத்தப்பட்டவர், சாவிக்காரர் என்று எழுதிய சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே போனார்.

"உரிமையாளர் யாரு?" என்று வழக்கம்போல் கேட்டார்.

"நான்தான்" என்றார் இயக்குநர்.

அரை நிமிடம் ஆயிற்று. கதவு திறந்தது. காலி நாற்காலிகள், காலி மேடை. தன் மனைவிக்கு இவ்வளவு சிறப்பாக இரங்கல் நடந்த இடத்தைச் சாவிக்காரர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தற்காலிகச் சான்று எழுதப்பட்டது. மணி மூன்று.

சட்டையில் சீட்டு இருந்ததால் டிராயரையும் அவரையே திறக்கச் சொன்னார்கள். கோப்புக்காரர் அரக்கை உடைத்தார். சாவிக்காரர் அவளுடைய சாவிக்கொத்தை எடுத்தார். சாவியைப் பூட்டின் வாயில் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில், உரிமையாளர் எங்கே என்று நாற்காலியைப் பார்த்தார். அதில் புதிதாக வந்த ஒரு அட்டை எழுத்தாளர், எழுந்து நிற்க வேண்டுமா உட்கார வேண்டுமா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் இருந்தார். கோப்புக்காரர் தாழ்ந்த குரலில், "திறங்க ஐயா" என்றார்.

மஞ்சள் ஸ்வெட்டர் மடித்தபடி இருந்தது. கை பாதியில், ஊசி பாதி வரிசையில். அதன் மேல் கண்ணாடி. பக்கத்தில் அட்டை.

அட்டையை இயக்குநர் எடுத்துக்கொண்டார். கனைத்தார். உரக்கப் படித்தார்.

"சொலெம்னிட்டி. பொருள்: சடங்குக்குரிய தீவிரத் தன்மை. பிறப்பு: லத்தீன் வழி. ஆதியில் இதற்கு, தவறாமல் அதனதன் நாளில் செய்யப்படுவது என்றே பொருள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது பிறகு வந்து சேர்ந்தது. உதாரணம்..."

இயக்குநர் நிறுத்தினார். அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு படித்தார்.

"உதாரணம்: முப்பத்திரண்டு வருடமாக, தினமும் காலை ஆறு பத்துக்கு, ஒரு வார்த்தையும் பேசாமல், என் பக்கத்தில் ஒரு குவளை தேநீர் வைக்கப்படுகிறது."

ஆறு பத்து என்பது சாவிக்காரருக்கே தெரியாது. அவர் கடிகாரம் பார்த்து வைத்ததில்லை. ஒவ்வொரு நாளும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று நினைத்து, சத்தம் வராமல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மணி பார்த்திருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை, அழவுமில்லை. கையைத் தொங்கவிட்டபடி நின்றார். அந்த அறையில் யாரும் தும்மவில்லை, நாற்காலி கிறீச்சிடவில்லை. அது எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் வைத்து அளக்கவில்லை.

முதலில் மீண்டவர் இயக்குநர்தான். "இது ஆகாது" என்றார். "சொலெம்னிட்டின்னா ஒரு மேடை வேணும், மாலை வேணும், குறைஞ்சபட்சம் ஒரு தலைவராவது வேணும். இதுல டீ இருக்கு. அட்டை நிராகரிக்கப்படுது. சொல்லுக்குப் பொருள் நிலுவையில இருக்கு. அதனால தற்காலிகச் சான்று காலாவதி. எடுத்ததெல்லாம் எடுத்த எடத்துல வெச்சு, டிராயருக்குப் பழையபடி சீல்."

சொல்லிவிட்டு, ஆறுதலாகச் சாவிக்காரரின் தோளைத் தட்டினார். நாலாவது கூட்டத்தை இன்னும் சிறப்பாக நடத்திவிடலாம் என்றார். பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு தம் அறைக்குப் போனார்.

கோப்புக்காரர் மெழுகுவத்தியைப் பற்ற வைத்தார். அரக்கை உருக்கினார். டிராயருக்குள் அட்டையை வைத்தார். பிறகு கண்ணாடியையும் ஸ்வெட்டரையும் எடுத்து, ஊசி உருவிவிடாமல் பதமாகச் சுருட்டி, சாவிக்காரரின் கருவிப் பைக்குள் சுத்தியலுக்கும் ரம்பத்துக்கும் நடுவே வைத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உதட்டோரங்கள் தரைக்கு இணையாக இருந்தன.

"டிராயருக்குச் சீல் வைக்கணும்னுதான் விதி" என்றார். "அதுக்குள்ள ஸ்வெட்டர் இருக்கணும்னு பதினேழு விதியில எதுலயும் இல்ல. நான் படிச்சுப் பாத்துட்டேன். கிளம்புங்க ஐயா, மணி மூணரை."

சாவிக்காரர் டிராயரைத் தானே பூட்டிக் கொடுத்தார். கோப்புக்காரர் அரக்கை ஊற்றினார். அந்தச் சீல் இன்னும் அப்படியே இருப்பதாகக் கேள்வி. சொலெம்னிட்டிக்கு இன்றுவரை வாரியத்தில் பொருள் கிடையாது. அதனால் அங்கே யாரும் சாகத் துணிவதில்லை; உடம்பு சரியில்லை என்றால் நேரே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை ஒற்றைக் கை ஸ்வெட்டரோடு வெளியே வந்தது. இன்னொரு கையை ஒரு துண்டால் சுற்றியிருந்தார்கள். முடிக்காத கையைக் கத்தரிக்காமல், ஊசியைக் கழற்றி, தையலை ஒரு நூலில் கோத்துப் பின்பக்கம் தொங்கவிட்டிருந்தாள் மகள். நர்ஸ் கேட்டதற்கு, இதுதான் இப்போதைய மாடல் என்று சொன்னாளாம்.

சாவிக்காரர் அன்று மகள் வீட்டிலேயே தங்கினார். காலையில் எழுந்து சமையலறைக்குப் போனார். புது இடம், சர்க்கரை எங்கே தேயிலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மூன்று குவளையில் ஊற்றினார். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அம்மா விட்ட தையல்களை நூலிலிருந்து ஒவ்வொன்றாக ஊசிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குவளையை அவள் பக்கத்தில் வைத்தார். இன்னொன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டார். மூன்றாவதை, அம்மாவின் கண்ணாடி வைத்திருந்த ஜன்னல் மேடையில் வைத்தார்.

சுவரில் கடிகாரம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தேநீர் வைத்த கையோடு நிமிர்ந்து மணி பார்த்தார். ஆறு பத்து.

அன்றைக்கு அதைக் கொட்டவில்லை. ஆவி அடங்கி, ஆடை படிந்து, முழுக்க ஆறும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.